எம்.பி.ஏ. வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை யாழ்ப்பாணத்து ஹோட்டல் ஒன்றில் நீங்கள் நடத்திய எம்.பி.ஏ. அறிமுகக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். ரீயும் ரோல்ஸும் அருமை. கேள்வி நேரத்தில், பட்டம் கையில் கிடைக்கும்வரை மொத்தம் எவ்வளவு செலவாகும் என்று கேட்டேன். "அதைத் தனியாகக் கதைப்போம் மிஸ்" என்று ஒலிவாங்கியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்கள். தனியாகக் கதைக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஊரறியவே கேட்கிறேன்.

லீசிங் கம்பனியில் வேலை செய்யும் என் தம்பி 2021 இல் உங்களிடம்தான் பதிந்தான். வகுப்புக் கட்டணம் ரூபாயில். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பங்கு ஸ்ரேலிங் பவுணில் என்பது படிவத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடந்தது. 2022 மார்ச்சில் ரூபாய் சரிந்ததும் 200 ரூபாயைச் சுற்றி நின்ற டொலர் இரண்டு மாதத்தில் 360 ஆனது. பவுணும் கூடவே ஏறியது. பெற்றோல் வரிசையில் நின்றவனுக்கு வட்ஸ்அப்பில் உங்கள் நினைவூட்டல் வந்தது: இந்தக் கிழமைக்குள் கட்டாவிட்டால் தாமதக் கட்டணம். மச்சாளின் காப்புச் சோடி அடைவுக்குப் போனது, பிறகு அட்டியல். அந்த வருசக் கலியாண வீடுகளுக்கெல்லாம் அவள் கவரிங் நகையோடுதான் வந்தாள். கேட்டவர்களுக்கு, "இப்ப களவு கூட" என்று சமாளித்தாள்.

படித்து முடித்தான். பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்று தலைமை அலுவலகம் கேட்டது. "அது மாணவர்களின் பொறுப்பு" என்றீர்கள். காசு வாங்கும்போது மட்டும் எல்லாம் உங்கள் பொறுப்பாக இருந்தது!

இப்போது சித்தியின் மகள், பி.கொம். முடித்த கையோடு, "அக்கா, எம்.பி.ஏ. செய்யட்டோ?" என்று கேட்கிறாள். முதலில் நாலைந்து வருசம் வேலை செய் என்றுதான் சொன்னேன். வங்கியில் முகாமையாளர் படிக்கு அருகில் நிற்பவருக்கு இது கை கொடுக்கும். வேலையே பார்க்காதவருக்கு மாப்பிள்ளை பார்க்கும் காகிதத்தில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். சீதனப் பேச்சில் அதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மறுக்கவில்லை. இந்த ஊரில் இலவசக் கல்வி முதல் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. செய்வதற்கும் காசு கட்டத்தான் வேண்டும். அதனால் கணக்குப் பார்க்காமல் யாரும் இறங்க முடியாது. அந்தக் கணக்கைத்தானே நீங்கள் மறைக்கிறீர்கள்? கிளைதான் யாழ்ப்பாணத்தில், முடிவெல்லாம் கொழும்பில் என்று இருக்கும் கம்பனிகளில் எம்.பி.ஏ. முடித்தவருக்கு ஏறுவதற்கு எத்தனை கதிரை இருக்கிறது என்று உங்கள் விளம்பரத்தில் ஒரு நாளும் கண்டதில்லை. கறுப்பு அங்கியும் தொப்பியும்தான் காண்கிறோம்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது இதுதான். பதிவுக் கட்டணம் வாங்கமுதல், தாமதக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம் உட்பட மொத்தத் தொகையை ரூபாயில் எழுதித் தாருங்கள். பவுணில் வாங்குவதென்றால் அதை முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். பட்டங்களைத் தரம் பிரிக்கும் இலங்கைத் தகைமைக் கட்டமைப்பான எஸ்.எல்.கியூ.எஃப்.இல் இது 9ஆம் மட்டமா, 10ஆம் மட்டமா என்று சொல்லுங்கள். 9ஆம் மட்டத்தின் 30 கிரெடிட் பட்டத்துக்கும் 10ஆம் மட்டத்தின் ஆய்வோடு கூடிய 60 கிரெடிட் பட்டத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. முந்திய அணிகளில் எத்தனை பேர் சேர்ந்து எத்தனை பேர் முடித்தார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்த அணிக்கு விண்ணப்பம் கோரமுதல் இவற்றை வெளியிடுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். தனியாக அழைத்துச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலிருந்து ஓர் அக்கா