வாக்கிங் போகையில் இடுப்பில் வைக்க எந்த ரிவால்வர்? நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும், நாகர்கோவிலிலிருந்து உங்கள் துப்பாக்கிக் கடைக்காரன் எழுதுவது.

லைசென்ஸ் புதுப்பித்த கையோடு கடைக்கு வருகிறவர்களில் பலர் இப்போது ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "காலையில வாக்கிங் போகையில இடுப்புல வைக்கணும். எடையே தெரியாத ரிவால்வர் எது?" விளைக்கு (தோட்டத்துக்கு) காவலாக ஒற்றைக்குழல் துப்பாக்கி வாங்கிய பழைய குடும்பத்துப் பிள்ளைகளும் கேட்கிறார்கள், நகைக்கடை வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். கவுண்டரில் நின்றபடி சொல்லும் பதில் எப்போதும் பாதியில் நின்றுவிடுகிறது. அடுத்தவர் வந்துவிடுவார், நீங்களும் கிளம்பிவிடுவீர்கள். அதனால் முழுதாக எழுதிவிடுகிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் மகனோ மருமகனோ போனில் சொன்ன பெயரோடு வருகிறவர்களுக்கு முதலில் பதில். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ஏர்வெயிட், உடல் (ஃபிரேம்) அலுமினியக் கலவை, 400 கிராமுக்குச் சற்று மேல். 2009இல் வந்த ரூகர் எல்.சி.ஆர், பாதி உடம்பு பாலிமர் (பிளாஸ்டிக் வகை), 380 கிராம் அளவு. ஸ்கேண்டியம் என்ற உலோகம் கலந்த உடலும் டைட்டானியம் சிலிண்டரும் (தோட்டா போடும் சுழல் உருளை) கொண்ட 340 பி.டி இன்னும் குறைவு, 330 கிராம் பக்கம். மூன்றிலும் ஐந்து தோட்டாதான். ஓடப் போகிறவர்கள் இவற்றை வயிற்றுப் பட்டையில் செருகிக்கொள்வது அங்கே சாதாரணம். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. நம் ஊரில் சாதாரண லைசென்ஸைக் காட்டிக் கடையில் வாங்கக்கூடியவை அல்ல இவை. பெயரைக் குறித்துக்கொண்டு வந்து ஏமாற வேண்டாம்.

நம்மிடம் இருப்பது அரசுத் தொழிற்சாலைச் சரக்கு, பெரும்பாலும் கான்பூர். பழைய .32 ரிவால்வரை (.32 என்பது தோட்டாவின் அளவு) உங்களில் பாதிப் பேர் அப்பாவின் கையில் பார்த்திருப்பீர்கள். நடுவில் மடக்கித் திறந்து தோட்டா போடுவது, இங்கிலாந்தின் வெப்லி கம்பெனி வழியில் வந்தது. 2014 ஜனவரியில் கான்பூர்த் தொழிற்சாலை ஒன்று 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. டைட்டானியம் கலவை, 500 கிராம், ஆறு தோட்டா. 2012 டெல்லிக் கொடுமைக்குப் பிறகு பெண்களை மனதில் வைத்துச் செய்ததாகச் சொல்லி விற்றார்கள். வெளிவந்தபோதே விலை 1 லட்சத்து 22 ஆயிரத்தைத் தாண்டியது. பிறகு மேற்கு வங்கத்து இஷாப்பூர்த் தொழிற்சாலையின் 'நிடர்' வந்தது. .22 தோட்டா, எடை 250 கிராம். 2023 ஆகஸ்டில் வந்த 'பிரபல்' 700 கிராம், பேரல் 76 மில்லிமீட்டர். அதை மடக்க வேண்டாம், சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும்.

எண்களை மட்டும் பார்த்தால் நிடர், அடுத்து நிர்பீக், கடைசியில் பிரபல் என்று வரிசை போட்டுவிடுவீர்கள். இங்கேதான் நான் உங்களைக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டியிருக்கிறது.

ஒரே .32 தோட்டாவை 700 கிராம் துப்பாக்கியில் சுட்டாலும் 500 கிராம் துப்பாக்கியில் சுட்டாலும் குண்டு முன்னால் போகிற வேகத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் எடை குறைந்தது பின்னால் உதைக்கும் சக்தி ஏறக்குறைய ஒன்றரை மடங்கை நெருங்கும். கணக்கு எளிது: 700ஐ 500ஆல் வகுத்தால் 1.4. அந்த உதை முழுவதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையில் வந்து விழும். முதல் தோட்டா போனதும் துப்பாக்கி முனை மேலே ஏறிவிடும், அதை இறக்கி மறுபடி குறி பிடிக்க நேரம் ஆகும். வலித்த கை அடுத்த தடவை சுடுவதற்கு முன்பே சுருங்கும். அந்தப் பயத்தில் கீழே தள்ளப்பட்ட குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவிலும் அந்த 330 கிராம் துப்பாக்கிக்குள் உதை கூடிய .357 தோட்டா போட்டுப் பார்த்துவிட்டு, கை தாங்காமல் சாந்தமான .38க்குத் திரும்பியவர்கள் ஏராளம்.

அடுத்தது ட்ரிகர். ஹாமரை (தோட்டாவை அடிக்கும் பின்பக்கச் சுத்தியலை) கையால் இழுத்து வைக்காமல் நேராகச் சுட, ட்ரிகரை நாலைந்து கிலோ பலத்தில் இழுக்க வேண்டும். துப்பாக்கியின் எடையோ அரைக்கிலோ. அரைக்கிலோப் பொருளை ஆடாமல் பிடித்துக்கொண்டு, அதிலேயே ஐந்து கிலோ இழுப்பு இழுக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். போன மாதம் லைசென்ஸ் உள்ள ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வந்தார். இருப்பதிலேயே சின்னதைக் காட்டச் சொன்னார். சிலிண்டரைத் திறந்து, எல்லா அறையும் காலி என்று அவருக்கும் காட்டிவிட்டுக் கொடுத்தேன். சுவரிலுள்ள காலண்டரின் ஒரு தேதியைக் குறி வைக்கச் சொன்னேன். விரல் ட்ரிகரின் பாதிவரை வந்தது, அங்கே நின்றது, நகம் வெளுத்தது. ஹாமர் விழுந்த நொடியில் துப்பாக்கியின் முனை காலண்டரையே விட்டு இடப்பக்கம் ஒரு சாண் போயிருந்தது. பிறகு கனமான ஒன்றைக் கொடுத்தேன். முனை நகர்ந்தது நாலு விரல்கடை. "தூக்குறதுக்கு லேசா இருக்குன்னா சுடுறதுக்கும் லேசா இருக்கும்னுதான் நெனச்சேன்" என்றார். பெரும்பாலோர் நினைப்பதும் அதுதான், தப்பாகப் போவதும் அதில்தான்.

நிடர் .22 என்பதால் உதை குறைவு, அது உண்மை. ஆனால் சின்னக் கைப்பிடி பெரிய கைக்குப் பிடி கொடுக்காது. .22 தோட்டாவில் ஹாமரின் ஊசி அடிப்பது தோட்டாவின் விளிம்பில். அடித்தும் வெடிக்காமல் போவது மற்றத் தோட்டாக்களைவிட இதில் கூடுதல். அவசரத்துக்கென்று நம்பி வைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

எடையைச் சோதிக்கக் காசு செலவில்லாத ஒரு வழி உண்டு. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை நிரப்புங்கள். கிட்டத்தட்ட நிர்பீக்கின் எடை. இடுப்புப் பைக்குள் அதை வைத்து, நீங்கள் தினமும் போகும் வழியில், உங்கள் வேகத்தில், ஐந்து நாள் நடந்து பாருங்கள். பிரபல் வேண்டுமென்றால் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக நிரப்புங்கள். மூன்றாம் நாளே பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போகத் தோன்றினால் ரிவால்வரையும் அப்படித்தான் வைப்பீர்கள். அண்ணா ஸ்டேடியத்தில் ஓடுகிற ஒரு தம்பி இரண்டாம் நாளே வந்து, பாட்டில் குதிக்கிற குதியில் இடுப்பெலும்புப் பக்கம் தோல் உரிந்ததைக் காட்டினார். ஓட்டத்துக்கு ரிவால்வர் ஒத்துவராது என்பது என் முடிவான கருத்து. நடைக்கு வேண்டுமானால் பேசலாம்.

எதில் வைப்பது என்பதற்கு, எந்த ரிவால்வர் என்பதைவிட அதிக நேரம் செலவழியுங்கள். சாரத்து (கைலி) மடிப்பும் எலாஸ்டிக் வைத்த டிராக் பேன்ட்டும் அரைக்கிலோவைத் தாங்காது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் சொத்தவிளைக் கடற்கரையில் வெளுப்பாங்காலத்தில் நடந்துகொண்டிருந்தேன். துணி உறையில் போட்டு எலாஸ்டிக்கில் செருகியிருந்தேன். ஷூ லேஸ் கட்டக் குனிந்தபோது உறை அங்கேயே இருந்தது, ரிவால்வர் மட்டும் நழுவி மணலில் விழுந்தது. விழுகிறதைப் பிடிக்கக் கை தன்னால் பாய்ந்தது. கை அதில் படவில்லை, ஆண்டவன் காப்பாற்றினான். விழும் துப்பாக்கியைப் பிடிக்கப் போகும் விரல் முதலில் போய்ச் சேருவது ட்ரிகரில்தான். விழட்டும், விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் ஈர மணல், சுட்ட தோட்டாக்கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் நட்சத்திரத்துக்கு அடியில் அப்பியிருந்தது, சிலிண்டர் சுற்றவில்லை. நான் அன்று அதை நம்பித்தான் நடந்துகொண்டிருந்தேன்.

ஆகவே ட்ரிகரை முழுதாக மூடும் கெட்டியான உறை, அதைப் பிடித்துக்கொள்ளும் அகலமான பட்டை, மேலே பூட்டிக்கொள்ள ஒரு வார். சாவி, செல்போன், கைக்குட்டை எதுவும் அதே பையில் கூடாது. 2016 ஆயுத விதிகளும் பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடம்போடு கட்டிய உறையிலோ பையிலோ, முழுதாக மறைந்து, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்கின்றன. நாலு பேர் பார்க்கட்டும் என்று சட்டைக்கு வெளியே தெரிய வைப்பது கெத்து அல்ல, குற்றம்.

நம் மாவட்டத்தில் உப்பும் வியர்வையும் தனிப் பிரச்சினை. இரண்டு மழைக்காலமும் நமக்கு உண்டு, கடற்காற்று வருடம் முழுக்க உண்டு. மணவாளக்குறிச்சிப் பக்கம் ஜன்னல் கம்பி என்ன கதியாகிறது என்று பார்த்திருப்பீர்கள். டைட்டானியம் துருப்பிடிக்காது, சரி. ஆனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் திருகாணியும் எஃகு. போன மழையில் ஒருவர் கொண்டுவந்த ரிவால்வரில் உடம்போடு ஒட்டிய பக்கம் மட்டும் செம்புள்ளி விழுந்திருந்தது. மறுபக்கம் புதுசு போல. தோட்டாக்களின் பித்தளையில் பச்சை பூத்திருந்தது. ஒன்றை அறையிலிருந்து குச்சியால் தள்ளித்தான் எடுத்தேன். நடந்து வந்ததும் தோட்டாக்களை எடுத்துத் தனியே வையுங்கள், துப்பாக்கியைத் துணியால் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசுங்கள். தோட்டாவில் எண்ணெய் படக் கூடாது. தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தை விடாது.

நடை முடிந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். சாயாக்கடை, சுசீந்திரம் கோயில், சங்குத்துறைக் கடலில் ஒரு முழுக்கு. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ரிவால்வரை வைத்துவிட்டுக் கோயிலுக்குள் போவது என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து என்னிடம் வாங்காதீர்கள். தொலைந்தால் உடனே ஸ்டேஷனில் சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுடையது. யார் கையில் போய்ச் சேரும் என்பது அதைவிடப் பெரிய கவலை. களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்து அண்ணாச்சிமார் லைசென்ஸில் 'செல்லும் பகுதி' என்று எழுதியிருப்பதை எடுத்துப் படியுங்கள். தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால், நடந்து நடந்து கேரளத்துப் பாறசாலைப் பக்கம் போய்விட்டாலும் அது நிபந்தனை மீறல்தான்.

எதற்குப் பயந்து கேட்கிறீர்கள் என்று விசாரித்தால் பத்தில் எட்டுப் பேர் சொல்வது நாய். மீதிப் பேர் சங்கிலிப் பறிப்பு. நாய்க்குத் துப்பாக்கி பதில் இல்லை. .32 குண்டு தப்பினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும், கருங்கல் மதிலில் பட்டால் திரும்பும். 2011 கணக்கெடுப்பிலேயே நம் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். வீட்டை ஒட்டி வீடு, வீட்டுக்குப் பின்னால் விளை, விளைக்குள் நெற்றிவிளக்கோடு நிற்கும் ரப்பர் பால்வெட்டுக்காரர். இதில் எந்தத் திசையில் சுடுவீர்கள்? கவனமில்லாமல் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி இரண்டு வருடம்வரை சிறை, அல்லது ஒரு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். சங்கிலியை அறுத்துக்கொண்டு பைக்கில் பாய்ந்துவிட்டவன் முதுகில் சுடுவதைத் தற்காப்பு என்று சொல்லித் தப்பிவிடலாம் என்றும் எண்ணாதீர்கள். தேவைக்கு மேல் தீங்கு செய்யும் உரிமையைப் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவும் தரவில்லை, பழைய சட்டமும் தரவில்லை.

எனவே கொலை மிரட்டல் போன்ற மெய்யான காரணம் உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நல்ல கைத்தடி, சத்தமான விசில், கண்ணைக் கூசவைக்கும் டார்ச். நகையை வீட்டில் கழற்றி வையுங்கள். இரண்டு பேராகப் போங்கள். செல்போனில் 112, பெண்களுக்கு 181, கூடவே காவல் உதவி செயலி. இதில் எதுவும் என் கடையில் விற்பதில்லை. அதனாலேயே நம்பிக் கேளுங்கள்.

உண்மையிலேயே தேவை என்று முடிவு செய்தவர்கள் ரைபிள் கிளப்பில் சேர்ந்து, ஒரு மாதமாவது சுட்டுப் பழகிவிட்டு வாருங்கள். நான் கொடுக்கும் யோசனை: உங்களால் ஒரு கையில் ஆடாமல் ட்ரிகரை இழுக்க முடிகிற துப்பாக்கிகளில் எது எடை குறைவோ அது. இருப்பதிலேயே எடை குறைந்ததை அல்ல.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் மழை முடிந்ததும் ஒரு தடவை கொண்டுவாருங்கள். எஜெக்டருக்கு அடியும் ஸ்பிரிங்கும் பார்த்துத் தருகிறேன், அதற்குக் காசில்லை. தோட்டாக்களை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு, சிலிண்டர் காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, லைசென்ஸ் புத்தகத்தோடு வர வேண்டும். கடை வாசலில் வெளியே எடுக்காதீர்கள். உள்ளே வந்து, உறையோடு என் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரன்,
நாகர்கோவில்