ஐ போய் ஒய் வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘நான் ஒன்று அடித்தால் அது ஒன்று போடுகிறது, பிரவுசரில் இதை எங்கே நிறுத்துவது?’ என்று சென்ற வாரம் ஒரு வாசகர் இந்தப் பகுதியில் கேட்டிருந்தார். அறந்தாங்கியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுதான் முக்கால்வாசிப் பிழைப்பு. அவர் பட்டதை நானும் பட்டிருக்கிறேன்.

மகளுக்கு உதவித்தொகை விண்ணப்பம் போட ஒரு பெரியவர் வந்தார். பெயர் மாரி. அன்று பார்த்துக் கரண்ட் இல்லை. கடைசி நாள் என்றாரே என்று என் செல்போனிலேயே போட்டுக் கொடுத்தேன். தந்தை பெயர் கட்டத்தில் ஆங்கிலத்தில் மாரி என்று சரியாகத்தான் அடித்தேன். அடுத்து இனிஷியல் போட ஸ்பேஸ் தட்டியதும் கடைசியில் இருந்த ஐ போய் ஒய் வந்துவிட்டது. மாரி, மேரி ஆகிவிட்டார். நானும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை. ஆதாரில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. ‘என்னம்மா, என்னைப் பொம்பளையாக்கி விட்டுட்டீங்களே’ என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த வாசகர் பிரவுசரில் தேடியதுதான் தவறு. நானும் அங்கேதான் ஒரு மணி நேரம் தேடினேன். செல்போனில் வார்த்தையை மாற்றுவது பிரவுசர் அல்ல, கீபோர்டு. கீபோர்டின் செட்டிங்ஸில் எழுத்துத் திருத்தம் என்ற பகுதிக்குப் போய் வார்த்தையைத் தானாகத் திருத்தும் ஆட்டோ கரெக்டை அணைக்க வேண்டும். அணைத்த பிறகும் மேலே வார்த்தைகளை எடுத்துக் காட்டும், ஆனால் நாம் தொடாமல் எதையும் மாற்றாது.

கடையில் இருக்கும் கம்ப்யூட்டர் அப்படியில்லை. அதில் குரோமோ ஃபயர்பாக்ஸோ, எந்த பிரவுசராக இருந்தாலும் தெரியாத சொல்லுக்குக் கீழே சிவப்பில் நெளிகோடு போடுவதோடு சரி. வலது பக்கம் கிளிக் செய்து நாமே தேர்ந்தெடுத்தால்தான் மாற்றும். ஆனால் என்னிடம் வேலை பழகும் பெண்ணுக்குச் சிவப்பைப் பார்த்தாலே பதற்றம், முதலில் வருவதைத் தட்டிவிடுவாள். நம் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் ஆங்கில அகராதிக்கு எங்கே தெரியப்போகிறது? பெயருக்குக் கீழே வரும் சிவப்பு பிழையே இல்லை என்று சொல்லி வைத்தேன். சரி என்று கேட்டுக்கொண்டவள், அடுத்த நாள் புதுக்கோட்டையை ஒரு கே குறைத்து அடித்துவிட்டு, கோடு போக வேண்டும் என்று ‘அகராதியில் சேர்’ என்பதை அழுத்திவிட்டாள். அதன்பின் எத்தனை முறை தப்பாக அடித்தாலும் குரோம் வாயே திறக்கவில்லை. குரோம் செட்டிங்ஸில் மொழிகள் பகுதியில், எழுத்துப் பிழை பார்க்கும் ஸ்பெல் செக்கின் கீழே, நாம் சேர்த்த வார்த்தைகளின் பட்டியல் இருக்கிறது. அங்கே போய்த்தான் அதை நீக்கினேன்.

அதே இடத்தில் ‘மேம்பட்டது’ என்று ஸ்பெல் செக்கில் இன்னொரு வகையும் உண்டு. அதைப் போட்டால் நாம் அடிப்பது கூகுளுக்குப் போகும் என்று அங்கேயே எழுதியிருக்கிறார்கள். நான் அடிப்பது ஊரார் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும். அதனால் அடிப்படை வகையோடு நிறுத்திக்கொண்டேன்.

தமிழுக்கும் ஸ்பெல் செக் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. ஃபயர்பாக்ஸில் எழுதும் கட்டத்தில் வலது கிளிக் செய்து, மொழிகள் என்பதில் தமிழ் அகராதியைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் ஓடுவது ஹன்ஸ்பெல் என்ற இலவச மென்பொருள், முதலில் ஹங்கேரி மொழிக்காக எழுதப்பட்டது. வேர்ச்சொல் பட்டியல் ஒன்று, விகுதி சேர்க்கும் விதிகள் ஒன்று, இரண்டையும் வைத்துச் சரிபார்க்கிறது. ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்’ என்று நாம் விகுதி மேல் விகுதி அடுக்கினால் திணறிப்போய்ச் சரியான சொல்லுக்கும் கோடு போடும். இருந்தாலும் நான் அணைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பிய மனுவை ஒட்டியபோது ‘காலம்’ என்ற சொல்லுக்குக் கீழே கோடு வந்தது. என் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிந்தது. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், துணைக்காலுக்குப் பதில் ர போட்டு ‘கரலம்’ என்று இருந்தது! மனு முழுக்க அப்படித்தான். அச்சில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், ஆனால் கம்ப்யூட்டரில் ‘காலம்’ என்று தேடினால் கிடைக்காது. எழுத்துப் பிழைக்கு வாணி, சந்திப் பிழைக்கு நாவி என்று இணையத்தில் தனித் திருத்திகளும் இருக்கின்றன. நீண்ட மனுவென்றால் அவற்றிலும் ஒருமுறை போட்டுப் பார்ப்பேன்.

விண்ணப்பப் பக்கங்களை வடிவமைப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். இந்தக் கட்டத்தில் ஸ்பெல் செக் வேண்டாம் என்று, பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் ஒரு சொல் சேர்த்தால் போதுமாம், கம்ப்யூட்டர் படிக்கும் என் தம்பி மகன் சொன்னான். பெயர், தந்தை பெயர், ஊர் ஆகிய மூன்று கட்டங்களிலாவது அதைச் சேர்த்துவிடுங்கள்.

மாரி அண்ணனின் விண்ணப்பம் இரண்டாம் முறை ஏற்கப்பட்டுவிட்டது. போன மாதம் வேறொரு வேலையாக வந்தார். நான் அடித்து முடித்ததும் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, திரைக்குப் பக்கத்தில் குனிந்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். அப்புறம்தான் அனுப்பச் சொன்னார்.

இப்படிக்கு,
டைப்பிங் கடைக்காரப் பெண்மணி
அறந்தாங்கி