சுற்றுலா போகும் பிள்ளைகளை வீடுகளில் தங்க வையுங்கள்

மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் வணக்கம்.

பள்ளிச் சுற்றுலா என்றதும் வீட்டுக்கு ஒரு தாள் வருகிறது. போகும் இடம், தேதி, கட்டணம், அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. கையெழுத்துப் போட்டுப் பணத்தைக் கட்டியதும் குடும்பத்தின் வேலை முடிந்தது. மற்றதைப் பயண நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. இதை மாற்றக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

வருடத்துக்கு ஒரு பயணமாவது இன்னொரு ஊர்ப் பள்ளியோடு பேசிவைத்து நடக்கட்டும். நம் பிள்ளைகள் அங்குள்ள மாணவர்களின் வீடுகளில் தங்கட்டும். அப்புறம் அவர்கள் வந்து நம் வீடுகளில் தங்கட்டும்.

இது புது யோசனை இல்லை. இரண்டு உலகப் போர்களிலும் காயம்பட்டவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றிச்சென்ற அமெரிக்கத் தன்னார்வலர்களின் அமைப்பு ஏ.எஃப்.எஸ். (அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ்). அந்த அமைப்புதான் போர் முடிந்ததும், 1947இல், பள்ளி மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கியது. 1951இல், வேறொரு முயற்சியில், ஜெர்மானியப் பிள்ளைகள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் குடும்பங்களோடு தங்கிப் படிக்கப் போனார்கள். போர் ஓய்ந்து ஆறே வருடம். நேற்றுவரை எதிரி நாடாக இருந்த இடத்திலிருந்து வந்த பிள்ளைக்கு அங்கே கதவு திறந்த வீடுகள் இருந்தன. பக்கத்து ஊர்ப் பிள்ளைக்கு நம்மால் திறக்க முடியாதா?

புது வீட்டில் முதல் ராத்திரியை நினைத்துப் பாருங்கள். குளியலறை விளக்குக்கு எந்த சுவிட்ச் என்று தெரியாமல் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தடவிக்கொண்டு நிற்கிறான். சாப்பிட்ட தட்டை எடுக்கலாமா, அப்படியே விடலாமா என்று பக்கத்தில் இருப்பவரை ஓரக்கண்ணால் பார்க்கிறான். மறுநாள் கேட்காமலே தட்டைக் கழுவி வைக்கிறான். அந்த வீட்டுப் பாட்டி சொல்லும் கதையில் பாதி புரியாவிட்டாலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறான். விடுதி அறையில் இதெல்லாம் நடக்க வழியே இல்லை.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது வேறு. ஒவ்வொரு வகுப்பிலும் "எனக்கு பஸ் பயணம் ஒத்துக்காது சார்" என்று ஒதுங்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. பல நேரங்களில் உண்மைக் காரணம் கட்டணம். விடுதிச் செலவு இல்லாவிட்டால் கட்டணம் குறையும். அப்படியும் போக முடியாத பிள்ளைக்கு, வெளியூர் மாணவர்கள் தன் வீட்டுக்கு வரும் நாள் இருக்கிறது. தன் கட்டிலை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டுத் தங்கையோடு படுத்துக்கொண்டு, விடியவிடியப் பேசிய பெண்ணும் அந்தப் பயணத்தில் பங்கெடுத்தவள்தான். இடம் குறைந்த வீடு என்றால் ஒரு வேளை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் போதும். யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

பாதுகாப்பு என்னாகும் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். பரிமாற்ற அமைப்புகள் குடும்பத்தாரோடு பேசி, விசாரித்த பிறகே பிள்ளைகளை அனுப்புகின்றன. நாமும் அப்படியே செய்யலாம். அந்த வீட்டில் வசிக்கும் பெரியவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் பள்ளி விசாரிக்க வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளாவது சேர்ந்து இருக்க வேண்டும். மருந்து, ஒவ்வாமை விவரம் முன்கூட்டியே அந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். எந்த நேரத்திலும் எடுக்கும் ஆசிரியர் ஒருவரின் எண் பிள்ளையிடம் இருக்க வேண்டும். "இங்கே இருக்க எனக்குப் பிடிக்கவில்லை" என்று பிள்ளை சொன்னால், காரணத்தைக் குடையாமல் உடனே வேறு வீட்டுக்கு மாற்ற வேண்டும். இதில் மட்டும் சமரசமே கூடாது.

முதல் தடவை இரண்டு இரவுகள் போதும். எப்படியும் வெளியூர் போட்டிக்குப் போகும் விளையாட்டு அணியிலிருந்தோ இசைக் குழுவிலிருந்தோ ஆரம்பிக்கலாம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கட்டணத்தைப் பற்றிப் பேசும் முன், எத்தனை வீடுகள் தயார் என்று கேளுங்கள். என் வீட்டில் இருவருக்கு இடம் உண்டு.

இப்படிக்கு,
பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்