உமா சொல்ல வந்தது

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் நலம். அண்ணனுக்கு முழங்கால் வலி தேவலையா? நீ கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது. அடுத்த தடவை பெரிய பாட்டிலாகக் கொண்டு வா, கஞ்சத்தனம் வேண்டாம்.

வார்டில் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும். காய்ச்சலோடு வந்த குழந்தை, எடை 12 கிலோ. புதிதாக வந்திருக்கும் டாக்டர் பாராசிட்டமால் சிரப் 7 மில்லி என்று எழுதினார். கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில், 5 மில்லியில் 125 மில்லிகிராம் மருந்து உள்ள சிரப் என்றால் சரிதான். எங்கள் அலமாரியில் இருந்ததோ இரண்டு மடங்கு வீரியமான 250. பயிற்சிக்கு வந்த பெண் பாட்டிலை நீட்டி, "சார், இது 250 சார்" என்றாள். குரலே வரவில்லை. அவர் முகம் சட்டென்று இறுகியது. ராஜாத்தி சிஸ்டர் என்றால் என்ன நடந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். இவர், "காட்டும்மா" என்று லேபிளை வாங்கிப் படித்தார். 3.5 என்று திருத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நல்லவேளை சொன்னே. இனிமேலும் சொல்லு" என்றார்.

எனக்கு உடனே உமா ஞாபகம்தான் வந்தது. கோபப்படாமல் படி. போன வாரம் போனில் அழுதாள். "அம்மாகிட்ட ஏதாவது சொன்னா, ‘உனக்கு நான் என்ன குறை வெச்சேன்’னு ஆரம்பிச்சிடுறாங்க சித்தி. சொல்ல வந்ததே மறந்துபோகுது" என்றாள். அவள் கேட்டது இவ்வளவுதான்: மாப்பிள்ளை எதிரில் அவள் சமையலைக் குறை சொல்லாதே. நீயோ நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டியது வரை சொல்லித் தீர்த்திருக்கிறாய். அத்தனையும் உண்மை, கூடவே இருந்து பார்த்தவள் நான். ஆனால் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லையே மல்லி.

அமெரிக்காவில் ஜான் காட்மன் என்று ஒரு உளவியல் பேராசிரியர். கணவன் மனைவிகளைப் பேசவிட்டு, அப்போது அவர்களுடைய நாடித்துடிப்பையும் எடுத்துப் பார்த்தவர். குற்றம் சாட்டுவது, ஏளனம் செய்வது, முகம் கொடுக்காமல் இருப்பது, இந்த மூன்றோடு ஒரு பேச்சு வந்ததுமே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கிளம்புவதையும் சேர்த்து, உறவைக் கெடுப்பவை இந்த நான்கும் என்கிறார். துடிப்பு 100ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது காதில் ஏறாதாம். 20 நிமிஷமாவது விலகியிரு என்கிறார். எத்தனை பேருக்கு நாடி பார்த்தவள் நீ! "நானா?" என்று உன் குரல் ஏறும்போது உன் மணிக்கட்டையும் ஒரு தடவை பிடித்துப் பார். அந்த நேரத்தில் விளக்கம் எதுவும் வேண்டாம். "எப்போ அப்படிச் சொன்னேன், சொல்லு" என்று மட்டும் கேள். அவள் சொல்வதில் கால்வாசி உண்மை இருந்தால் அந்தக் கால்வாசியை ஒத்துக்கொள். உன் பக்கத்து நியாயத்தை மறுநாள் சொல்லிக்கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? அவளுக்கு இது ஏழாவது மாதம். கால் வீக்கம், தலைவலி என்றால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம், அது எதில் கொண்டுபோய் விடும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதை அவள் முதலில் உன்னிடம் சொல்லவேண்டும். ‘அம்மா ஏதாவது சொல்வாங்க’ என்று தள்ளிப்போடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உன்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். அவள் பேசி முடிக்கட்டும். வளைகாப்புக்கு முந்தின நாளே வந்துவிடுவேன், புளியோதரை என் பொறுப்பு.

உன்,
தனம்