கொல்லைக்கதவைத் திற

அன்புள்ள கண்ணம்மாவுக்கு, அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் காரின் ரேடியேட்டருக்கு நேர் முன்னால், எஞ்சின் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலரை மாட்டியிருக்கிறாய். இடம் காலியாக இருந்தது, அதனால்தானே? ஆயில் விட்ட சூட்டைத்தான் ரேடியேட்டர் வாங்கும். ஜெர்மனிக் குளிரில் தெரியாது. ஜூலையில் டிராக்கில் ஓட்டும்போது தெரியும்.

உன் டொயோட்டா எம்ஆர்2-வில் எஞ்சின் உன் முதுகுக்குப் பின்னால் என்பதால், கூலரை முன்பக்கத்திலேயே வேறு இடத்துக்கு நகர்த்தினால் ஹோஸ் இன்னும் நீளுமே என்பாய். நீளட்டும். போர்ஷே 911-லும் எஞ்சின் பின்னால்தான். ஆனால் கூலரை முன் வலது மட்கார்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் அந்தப் பொந்துக்குத்தான் என் ஓட்டு. சூடான காற்றைச் சக்கரக் குழிக்குள் விட்டுவிடலாம்.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு மே மாதம் நான் பட்டது உனக்குத் தெரியாது. பின் பம்பருக்குள் கூலர், அதற்கு இரண்டு கை நுழையும் அளவு காற்றுக் குழாய், அதாவது டக்ட். அப்படி ஒரு பெருமை எனக்கு! மூன்றாவது ரவுண்டிலேயே ஆயில் 130 டிகிரியைத் தாண்டியது. ராத்திரி உங்கம்மாவின் கம்பளி நூலை விரல் நீளத்துக்கு வெட்டி டக்ட் வாயைச் சுற்றி டேப் போட்டு ஒட்டினேன். மறுநாள் இன்னொரு வண்டியில் பக்கத்திலேயே போய்ப் பார்த்தால், நூல் உள்ளே போகாமல் வெளியே பார்த்து ஆடுகிறது. கூலருக்குப் பின்னால் நானே அடித்த தகடு காற்று வெளியேறும் வழியை அடைத்திருந்தது.

திருவல்லிக்கேணி வீட்டில் சாயங்காலம் கடல்காத்து வேண்டுமென்றால் பாட்டி முதலில் கொல்லைக்கதவைத்தானே திறப்பாள்? அத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. தகட்டை வெட்டி எடுத்ததும் ஆயில் 110 டிகிரியைத் தாண்டவில்லை.

கூலரை ரப்பர் புஷ் போட்டு மாட்டு. இறுக்கி போல்ட் அடித்தால் அதிர்வில் அலுமினியம் விரிசல் விடும். ஹோஸ் வாய் மேலே பார்க்கட்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்று தங்கும். கூலரைச் சுற்றி இடுக்கு இருந்தால் ஸ்பாஞ்ச் வைத்து அடை. காற்று சுலபமான வழியில்தான் நழுவும். அந்த ஊர்க் குளிருக்கு, சூடேறும்வரை ஆயிலைக் கூலர் பக்கம் விடாத தெர்மோஸ்டாட்டும் கட்டாயம். ஆயில் சூடேறாமலே விரட்டி ஓட்டினால் எஞ்சின் தேயும்.

சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே. வெளிக்காற்றைவிட ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் உள்ளே தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும், மூடியைத் தளர்த்திய நொடியில் பொங்கும். என் இடது கையில் இருக்கும் தழும்பை நீ பார்த்திருக்கிறாய்.

அம்மா வடாம் பார்சல் போட்டிருக்கிறாள். அதிலேயே கம்பளி நூலும் ஒரு கண்டு வைத்திருக்கிறேன். ஒட்டி ஓட்டிவிட்டு வீடியோ அனுப்பு.

அப்பா
அம்பத்தூர்