கோமாளி மீனைக் கடலில் விடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம். கோமாளி மீன்கள் இந்திய, பசிபிக் பெருங்கடல்களுக்கு உரியவை. அட்லாண்டிக்கில் இயற்கையாக ஒன்றுகூட கிடையாது. அங்கே ஒன்று தென்பட்டால் பெரும்பாலும் யாரோ வீட்டு மீன்தொட்டியிலிருந்து கொண்டுபோய் விட்டதாகத்தான் இருக்கும். பாவம், சுதந்திரமாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் விடுகிறார்கள், ஆனால் அது வேகமாக நீந்தத் தெரியாத மீன், உடம்பிலுள்ள வழவழப்பை நம்பி கடல் சாமந்தி என்ற பூப்போன்ற கடல் உயிரியின் கொட்டும் இழைகளுக்குள் ஒளிந்தே வாழ்வது, பழகிய சாமந்தி இல்லாத இடத்தில் சீக்கிரமே இன்னொன்றுக்கு இரையாகிவிடும். பிழைத்தாலும் தொட்டி நோய்களைப் பரப்பலாம். இப்படித் தொட்டியிலிருந்து வந்ததாகக் கருதப்படும், 1985-இல் ஃபுளோரிடா கரையோரம் தென்பட்ட சிங்க மீன் இன்று கரீபியன் முழுக்கப் பரவி, பவளப்பாறைகளின் குட்டி மீன்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது. வளர்க்க முடியவில்லையா, சரி, வாங்கிய கடையிலோ வேறு வளர்ப்பவரிடமோ கொடுத்துவிடுங்கள். கடைக்காரர்களும் விற்கும்போதே இதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.