உணவுக் கூடத்தை முதலில் பாருங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. என்னைப்போல் முதியோர் குடியிருப்பில் வந்து சேர்வதா, இருக்கும் வீட்டிலேயே இருந்துவிடுவதா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகவும், மற்ற எல்லாவற்றையும்விடச் சாப்பாட்டைப் பற்றித்தான் தயக்கம் என்றும் எழுதியிருந்தீர்கள். உப்பும் உறைப்பும் இல்லாத மருத்துவமனைச் சாப்பாட்டைக் கடைசிவரை சாப்பிட வேண்டியிருக்குமோ என்பது உங்கள் கவலை. அதே கடிதத்தின் நடுவில், தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காததால் இரவில் ஏதோ கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்துவிடுவதாகவும், சட்டைகள் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதாகவும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆகவே முதலில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

வயதானால் உடல் இளைப்பது இயல்புதான் என்று நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் நம் வயதில் எடை குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்தே போகிறது. போன தசை எளிதில் திரும்புவதில்லை. முதுமையில் ஏற்படும் இந்தத் தசை இழப்புக்கு 1989ஆம் ஆண்டு இர்வின் ரோசன்பெர்க் என்ற அறிஞர் ‘சார்கோபீனியா’ என்று பெயர் வைத்தார். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவதும், கால் தடுக்கும்போது விழாமல் சமாளித்துக்கொள்வதும், காய்ச்சலில் படுத்தால் ஒரு வாரத்தில் எழுந்து நடப்பதும் அந்தத் தசை இருக்கும்வரைதான். முயற்சி எதுவும் செய்யாமலேயே ஒரு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதமோ, ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் அதை மருத்துவர்கள் எச்சரிக்கை அடையாளமாகக் கொள்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவர் அரை ஆண்டில் ஆறு கிலோ இழந்தால் சும்மா இருக்கக் கூடாது என்று பொருள். உங்கள் சட்டைகள் எத்தனை கிலோவைச் சொல்கின்றன என்பதை முதலில் எடைக் கருவியில் ஏறிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

இங்கே வந்த பிறகு நான் தெளிவாகத் தெரிந்துகொண்ட விஷயம் புரதம் பற்றியது. வயது வந்தவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைக்கு 0.8 கிராம் புரதம் போதும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் 65 வயதைத் தாண்டியவர்களின் தசை, உண்ணும் புரதத்தை முன்போல் எளிதாக ஏற்றுக்கொள்வதில்லை என்பதால், அவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்த குழு ஒன்று 2013இல் பரிந்துரைத்தது. அதாவது உங்களைப் போன்ற 60 கிலோ மனிதருக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 72 கிராம் வரை. பருப்பு, பயறு, பால், தயிர், முட்டை, மீன் என்று எதில் கிடைத்தாலும் சரி, அதை மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்வது நல்லது என்று எங்கள் டயட்டீஷியன் சொல்கிறார். இரவில் கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டுப் படுக்கும் பழக்கம் இந்தக் கணக்கில் ஒரு வேளையை அப்படியே விழுங்கிவிடுகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு வேறு என்பதால் மருத்துவரைக் கேட்காமல் கூட்டிவிடாதீர்கள். உடலசைவு இல்லாமல் புரதம் மட்டும் தசையாகிவிடாது என்பதால்தான், இங்கே காலையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்யும் பயிற்சிக்கு எங்களை ஓயாமல் கூப்பிடுகிறார்கள்.

இனி மருத்துவமனைச் சாப்பாடு பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். அந்தப் பயம் நியாயமானதே. சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தடையை அடுக்கிக்கொண்டே போனால் கடைசியில் தட்டில் மிஞ்சுவது எதுவும் சாப்பிடத் தோன்றாத ஒன்றாக இருக்கும். சாப்பிடாமல் திரும்பிப் போகும் சத்தான உணவால் யாருக்கும் பயனில்லை. என் மேசையில் இருக்கும் ஒருவர் இங்கு வரும்போது ஒரு பக்கம் நிறையத் தடைப் பட்டியல் கொண்டுவந்தார். அதில் பாதி, பல ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நோயின்போது யாரோ சொல்லி, பிறகு யாரும் மறுபடி பார்க்காமல் விட்டுப்போனவை. மருத்துவரும் டயட்டீஷியனும் அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, இன்றைய அவருடைய உடல்நிலைக்கு எது உண்மையிலேயே தேவை என்பதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவர் இப்போது வயிறாரச் சாப்பிடுகிறார். நீண்ட காலப் பராமரிப்பில் இருக்கும் முதியவர்களுக்குக் கடுமையான கட்டுப்பாட்டைவிட, அவரவர் விருப்பத்தையும் நிலையையும் பார்த்துத் தளர்த்திய உணவே பெரும்பாலும் ஏற்றது என்பது அமெரிக்க உணவியல் நிபுணர்களின் சங்கமே எடுத்திருக்கும் நிலைப்பாடு. எண்பதை நெருங்கும் ஒருவரின் தட்டில் கைவைக்கும்போது, எதை நீக்குகிறோம் என்பதோடு அவர் எதைச் சாப்பிடாமல் விட்டுவிடுவார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதற்காக உப்பை அள்ளிப் போடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவைச் சமையலறை மனத்தில் வைத்திருக்கிறது. நம் வயதில் நாக்கைவிட மூக்குதான் அதிகம் மங்குகிறது; மணம் தெரியாதபோது ருசியும் தெரியாமல் உப்பைத் தேடுகிறோம். புளிப்பையும், வறுத்த மணத்தையும், கடைசி நேரத்தில் தூவும் பச்சை இலைகளையும் கொண்டு இங்குள்ள சமையற்காரர் அந்தக் குறையை ஈடுகட்டுகிறார்.

ஆனால் இவ்வளவு சொன்ன பிறகும், இங்கே என் பசி திரும்பியதற்குக் காரணம் சமையல் மட்டும் என்று சொல்ல மாட்டேன். முன்பு பெரும்பாலானவர்களுக்கு மூடிய தட்டு அறைக்கே வந்தது. இப்போது உடல்நிலை இடம் தராதவர்களுக்கு மட்டுமே அப்படி. மற்றவர்கள் கூடத்தில் சிறு மேசைகளைச் சுற்றி உட்காருகிறோம்; பாத்திரங்கள் மேசை நடுவில் வைக்கப்படுகின்றன; நாங்களே எடுத்துப் போட்டுக்கொண்டு அடுத்தவருக்கு நகர்த்துகிறோம். நெதர்லாந்தில் ஐந்து பராமரிப்பு இல்லங்களில் 178 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஒரு பிரிவினர் குடும்பத்தில் சாப்பிடுவதுபோல் மேசையைச் சுற்றி அமர்ந்து சாப்பிட்டார்கள். மற்றவர்களுக்கு வழக்கம்போல் முன்கூட்டியே பரிமாறிய தட்டு வந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்தபோது, மேசையில் கூடிச் சாப்பிட்டவர்களின் எடையும் உடல் திறனும் வாழ்க்கைத் தரமும் நிலைத்திருந்தன. மற்றவர்களிடம் அவை சரிந்திருந்தன. ஜான் டி காஸ்ட்ரோ என்ற ஆய்வாளரும் மக்கள் எழுதிவைத்த உணவுக் குறிப்பேடுகளை ஆராய்ந்து, துணையோடு சாப்பிடும்போது மனிதர்கள் அதிகம் உண்கிறார்கள் என்று காட்டியிருக்கிறார். இளம் வயதில் அது எச்சரிக்கையாக இருக்கலாம். நமக்கு அது வரம்.

பேச்சு நீளும்போது கை தானாக இன்னொரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொள்கிறது. பக்கத்தில் இருப்பவர் இரண்டு வேளையாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை எந்தச் செவிலியருக்கும் முன்பாக மேசையில் இருப்பவர்கள் கவனித்துவிடுகிறார்கள். மெல்லச் சிரமப்பட்ட ஒரு அம்மையாரின் பல்செட் பொருந்தாமல் போனதும், இன்னொருவருக்கு விழுங்கும்போது இருமல் வருவதும் இப்படித்தான் வெளியே தெரிந்தன. விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கான உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரித்து, எவ்வளவு கெட்டியாக, எவ்வளவு மசிந்து இருக்க வேண்டும் என்று வரையறுத்த சர்வதேச முறை ஒன்று இருக்கிறது. அந்த முறைப்படி அவருக்குத் தயாரித்த உணவை, எங்கள் மேசையிலேயே, எங்களோடு உட்கார்ந்து அவர் சாப்பிடுகிறார். அவரைத் தனியே ஒதுக்காதது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

எங்களுக்கு ஓர் உணவுக் குழு உண்டு. குடியிருப்பவர்கள் சிலர் முறை வைத்துக்கொண்டு சமையற்காரரோடு உட்கார்ந்து அடுத்த வாரத்துக்கான பட்டியலைப் பேசுகிறார்கள். எது பிடித்தது என்று கேட்பதோடு, எது தட்டில் மீந்து திரும்பியது என்றும் பார்க்கிறார்கள். வாய் மரியாதைக்குச் சொல்வதைத் தட்டு சொல்வதில்லை. மாலை வெகு சீக்கிரம் சாப்பாட்டை முடித்துவிட்டு மறுநாள் காலை தாமதமாகப் பரிமாறும் வழக்கத்தை மாற்றச் சொன்னதும் இந்தக் குழுதான். அமெரிக்காவில் பராமரிப்பு இல்லங்களுக்கான விதியே இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் இடையில் பொதுவாக 14 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. விரும்பியவர்கள் கீரை ஆய்வதற்கும் பயறு உரிப்பதற்கும் உட்காருகிறார்கள். எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் 1976இல் வெளியிட்ட ஆய்வில், சிறு முடிவுகளைத் தாமே எடுக்கவும் ஒரு செடியைத் தாமே பராமரிக்கவும் விடப்பட்ட முதியவர்கள், எல்லாவற்றையும் பணியாளர்களே பார்த்துக்கொண்டவர்களைவிடச் சில வாரங்களிலேயே அதிக உற்சாகத்தோடும் விழிப்போடும் இருந்தார்கள். பயறு உரிக்கும் அம்மையார்களின் பேச்சுச் சத்தத்தைக் கேட்டால் அந்த ஆய்வை நீங்கள் சந்தேகிக்க மாட்டீர்கள்.

எல்லாம் இனிமை என்று எழுதினால் அது உண்மையாகாது. மனிதர்கள் கூடும் இடத்தில் மனக்கசப்பும் வருகிறது. புதிதாக வந்த ஒருவர் காலியாக இருந்த நாற்காலியில் அமர, அது இன்னாருடைய இடம் என்று சிலர் முகம் சுளித்தது எனக்கு வேதனையாக இருந்தது. இப்போது புதியவர்களுக்கு முதல் சில வாரங்கள் துணையாக ஒருவர் சேர்ந்து அமர்கிறார். தனிமையை விரும்புகிறவர்களுக்கு இருவர் மட்டும் அமரும் சிறு மேசையும் உண்டு. காது மந்தமானவர்கள் இரைச்சலுக்கு அஞ்சிக் கூடத்துக்கே வராமல் இருந்ததால், சாப்பாட்டு நேரத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிடுகிறோம். ஒருவர் மறைந்துவிட்டால் அன்று அந்த மேசையில் அதிகம் பேச்சு இருக்காது. அந்த நாட்களில் மற்ற மேசைக்காரர்கள் வந்து எங்களோடு உட்காருகிறார்கள். நாங்களும் அவர்களுக்கு அப்படியே செய்கிறோம்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயதானால் தாகம் தோன்றுவதே குறைந்துவிடுகிறது. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர் அளவுக்காவது பானங்கள் தேவை என்று 2018இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. இதய நோய்க்காக மருத்துவர் அளவு குறித்துக் கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

நீங்கள் எந்தக் குடியிருப்பைப் பார்க்கப் போனாலும் அறையைக் காட்டுவதற்கு முன் உணவுக் கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு மதியமும் ஓர் இரவும் அங்கேயே சாப்பிடுங்கள். எத்தனை பேர் கூடத்துக்கு வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், பணியாளர்கள் அவசரப்படுத்துகிறார்களா, திரும்பும் தட்டுகளில் எவ்வளவு மீந்திருக்கிறது என்று பாருங்கள். மாதந்தோறும் எடை பார்க்கிறார்களா, பட்டியலில் குடியிருப்பவர்களுக்குக் குரல் உண்டா என்று கேளுங்கள். முடிவு உங்களுடையது, வீட்டிலேயே இருக்க முடிவு செய்தாலும், வாரத்தில் சில வேளையாவது யாரோடாவது சேர்ந்து சாப்பிட ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் எடை குறைந்ததைச் சொல்லி, வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் நெடுங்காலமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்கள். அந்த மருந்து சிலருக்கு பி12 அளவைக் குறைத்துவிடும். எங்கள் குடியிருப்பில் விருந்தினர் தங்கிச் சாப்பிட இடம் தருகிறார்கள். எந்த வாரம் வர முடியும் என்று எழுதினால் உணவுக் குழுவில் சொல்லி வைப்பேன். மெல்ல முடியாதது, ஒத்துக்கொள்ளாதது ஏதேனும் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்